பேட்டாவும் பன்னும் பத்து மணி நேர ஃப்ளைட்டும்

5 யூரோ 60 சென்ட். கடந்த ஒன்றரை வருஷமா வாரத்துக்கு முப்பது நாப்பது தடவையாவது நான் டைப் அடிக்கிற தொகை இது. என்னன்னு சொன்னா சிரிப்பீங்க. அடுத்தவன் சாப்பிட்ட காலைச் சாப்பாட்டுக்காக அவன் பேட்டாவில் இருந்து நான் கழிக்கிற காசு.

படிக்கிறது ஸ்டுட்கார்ட்ல மாஸ்டர்ஸ். வயித்துப்பாட்டுக்கு வாரம் 20 மணி நேரம் ஒரு மெஷின் கம்பெனியில் ஆணி புடுங்கிட்டு இருக்கேன் (பேர் வேண்டாம், இன்னும் சம்பளம் தர்றாங்க :-)). மெஷின் கம்பெனின்னதும் ஏதோ பெரிய எஞ்சினியரிங் வேலைன்னு நினைச்சுடாதீங்க. வெளியூர் போயிட்டு வர்றவங்க கொண்டுவந்து கொட்டுற ரசீதையெல்லாம் பிரிச்சு, தேதி பார்த்து, எது செல்லும் எது செல்லாதுன்னு பார்த்து, கணினியில் ஏத்துறது. நம்ம ஊர் பாஷையில் டி.ஏ. பில் குமாஸ்தா. எங்க தாத்தா கலெக்டர் ஆபீஸில் இதே வேலைதான் பார்த்தாராம். மூணு தலைமுறை, விமானம் ஏறி வந்தும் அதே நாற்காலி.

சரி, கணக்குக்கு வருவோம். ஜெர்மனியில் வேலை விஷயமா வெளியூர் போனா, 24 மணி நேரமும் வெளியிலேயே இருந்த நாளுக்கு 28 யூரோ வரியில்லாம பேட்டா கொடுக்கலாம். 8 மணி நேரத்துக்கு மேல் வெளியே இருந்துட்டு ராத்திரி வீட்டுக்கு வந்துட்டா 14. ராத்தங்கல் பயணம்னா கிளம்புற நாளுக்கும் திரும்புற நாளுக்கும் 14, 14. இது 2020-ல் ஏத்தின தொகை, அதுக்கு முன்னாடி 24-ம் 12-ம். 2024-ல் வந்த ஒரு வரிச் சட்டத்தில் இதைக் கொஞ்சம் உயர்த்தப் போறதா வரைவில் எல்லாம் இருந்தது. சட்டம் வந்தது, உயர்வைக் காணோம். வெளிநாட்டுப் பயணத்துக்கு நாடு வாரியா, சில இடத்தில் ஊர் வாரியா, நிதி அமைச்சகம் தனிப் பட்டியலே போடுது.

இதில் பிடித்தம் எப்படின்னா, கம்பெனி செலவில் காலைச் சாப்பாடு கிடைச்சிருந்தா 28-ல் 20 சதவீதம் போச்சு. அதுதான் என் 5.60. மதியச் சாப்பாடோ ராத்திரிச் சாப்பாடோ கிடைச்சிருந்தா ஒவ்வொண்ணுக்கும் 40 சதவீதம், 11.20. மூணு வேளையும் கம்பெனி சோறு போட்டா பேட்டா சைபர். நியாயமாத்தான் தெரியுது இல்ல? எது சாப்பாடுங்கிற கேள்வி வர்ற வரைக்கும் நியாயம்தான்.

விமானத்தில் டிக்கெட்டோடு சேர்த்துச் சாப்பாடு கொடுத்தா அதுவும் கணக்கு. ஆனா ஒரு பாக்கெட் சிப்ஸோ சாக்லேட் பிஸ்கட்டோ கொடுத்தா அது சாப்பாடு இல்லைன்னு நிதி அமைச்சகம் சுற்றறிக்கையிலேயே எழுதி வெச்சிருக்கு. இதைவிட அழகு, 2019-ல் இந்த நாட்டோட உச்ச வரி நீதிமன்றம் கொடுத்த ஒரு தீர்ப்பு. ஒரு சாஃப்ட்வேர் கம்பெனி தன் ஆட்களுக்கு தினமும் காலையில் பன்னும் காபியும் இலவசமா கொடுத்திருக்கு. வெண்ணெய், ஜாம், சீஸ் எதுவும் கிடையாது. வரி அலுவலகம் வந்து இது காலை உணவு, இதுக்கு வரி கட்டுன்னு நின்னிருக்கு. கீழ்க்கோர்ட்டு, மேல்கோர்ட்டுன்னு போய் கடைசியில், வெறும் பன்னும் சூடான பானமும் காலை உணவு ஆகாதுன்னு தீர்ப்பு. தடவ ஏதாவது இருந்தாத்தான் அது ப்ரேக்ஃபாஸ்ட்டாம். டீக்கடையில் பன் பட்டர் ஜாம் சாப்பிட்டே காலேஜ் முடிச்ச நமக்கு, அந்த பட்டர் ஜாமில் இவ்வளவு சட்டம் இருக்குன்னு யார் சொன்னா?

இதையெல்லாம் பார்த்துப் பார்த்து எனக்குள் ஒரு சின்னக் கேள்வி முளைச்சது. ஒரு பயணத்துக்கு ஆகிற செலவை இவ்வளவு நுணுக்கமா, ஜாம் வரைக்கும் போய் கணக்குப் பண்றாங்களே, இந்தச் செலவில் பாதி நாங்க ஏத்துற எந்தக் கட்டத்துக்குள்ளும் வர்றதே இல்லையேன்னு.

*

முதலில் பேட்டா விஷயம். பயணச் செலவைக் கம்பெனி ரெண்டு விதமா கொடுக்கலாம். ஒண்ணு, ஆன செலவுக்கு ரசீது காட்டு, அப்படியே தர்றேன். இன்னொண்ணு, ஒரு நாளைக்கு இவ்வளவு, என்ன வேணா பண்ணிக்கோ, மீதி உன்னுது. ரெண்டிலும் மனுஷன் எப்படி மாறுறான்னு பார்க்கிறது தனி சுகம்.

ரசீது முறையில், வீட்டில் ஞாயித்துக்கிழமை மிச்சம் இருந்த சூப்பைச் சூடு பண்ணிக் குடிக்கிற ஆள், வெளியூரில் ஸ்டேக் சாப்பிடுவார். (ஸ்டுட்கார்ட் இருக்கிறது ஷ்வாபியர்கள் ஊர். சிக்கனத்தில் ஜெர்மனிக்கே இவங்கதான் உதாரணம். எங்க டேமேஜர் டீ பேகை ரெண்டு தடவை முக்குவார், நான் கண்ணால் பார்த்திருக்கேன்.) பேட்டா முறையில் அதே ஆள் ஸ்டேஷன் பேக்கரியில் ஒரு பிரெட்ஸல் வாங்கி மென்னுட்டே மீட்டிங் போவார். கம்பெனி ஒண்ணு, ஊர் ஒண்ணு, வயிறும் ஒண்ணுதான். மிச்சம் யார் பைக்குப் போகுதுங்கிறது மட்டும்தான் மாறினது.

இந்த வித்தையில் நம்ம பொட்டி தட்டுற சிங்கங்களை அடிச்சுக்க ஆளே கிடையாது. சென்னையில் இருந்து ஆன்சைட் வர்ற அண்ணன்மார் சிலரோட இங்கே பழக்கம். பெட்டியைத் திறந்தா இட்லிப் பொடி, புளிக்காய்ச்சல், ரெண்டு கிலோ பொன்னி அரிசி, நடுவில் துணி சுத்தி குட்டி ரைஸ் குக்கர். ஹோட்டல் பாத்ரூமில் குக்கர் வெச்சு, நீராவியில் ஃபயர் அலாரம் அடிச்சுடுமோன்னு ஜன்னலைத் திறந்து வெச்சு, குளிரில் ஸ்வெட்டரோட நின்னு ரசம் வெச்ச கதையெல்லாம் கேட்டிருக்கேன். மூணு மாசத்தில் பேட்டாவை மிச்சம் பிடிச்சு தங்கச்சி கல்யாணத்துக்கு அனுப்பின அண்ணனைத் தெரியும். தாம்பரம் தாண்டி மனை வாங்கினவரையும் தெரியும்.

நான் இதைக் கிண்டல் பண்ணலை. அந்தக் காசில் கம்பெனியை ஏமாத்தினது எதுவும் இல்லை, கொடுத்த பேட்டாவை அவங்க இஷ்டப்படி செலவு பண்ணாங்க, அவ்வளவுதான். ஆனா ஒரு விஷயம் சொல்லணும். மூணு மாசம் தயிர் சாதமும் ஊறுகாயும் சாப்பிட்டு, நாலு பேர் ஒரு அபார்ட்மென்ட்டில் படுத்து, காலையில் ரெண்டு பஸ் மாறி க்ளையன்ட் இடத்துக்குப் போன மனுஷன் கொடுத்த வேலைத் தரத்தைப் பத்தி ஒரு பெரிய ரிப்போர்ட்டில் ஏதாவது குறை எழுதினா, அதுக்கும் இதுக்கும் சம்பந்தம் உண்டுன்னு எந்த எக்செல் ஷீட்டும் காட்டாது.

*

அடுத்து டிக்கெட். விமானத்தில் பக்கத்து சீட்டுக்காரர் நம்மைவிட மூணு மடங்கு கொடுத்திருக்கலாம், அவருக்கும் அதே காஞ்சுபோன சாண்ட்விச்தான். இது ஏன்னு எனக்கு இந்த வேலைக்கு வந்த பிறகுதான் புரிஞ்சுது.

ஏர்லைன்காரனுக்கு ஒரு பெரிய தலைவலி. சொந்தக் காசில் போறவன் யார், கம்பெனி காசில் போறவன் யார்னு முகத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிச்சா ரெண்டாவது ஆளிடம் கறந்துடலாம். அதுக்கு அவன் கண்டுபிடிச்ச தந்திரம்தான் நிபந்தனைகள். 1985 ஜனவரியில் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் ஒரு மலிவு டிக்கெட் கொண்டுவந்தது. அப்போ பீப்பிள் எக்ஸ்பிரஸ்னு ஒரு மலிவு விமானக் கம்பெனி இவங்க வயித்தில் அடிச்சுட்டு இருந்த நேரம். அவன் அளவுக்கே விலை குறைச்சாங்க, ஆனா ரொம்ப நாள் முன்னாடியே வாங்கணும், இன்னும் இது அதுன்னு நிபந்தனைகள். அந்தக் காலத்து மலிவு டிக்கெட்டுகளில் ஒரு பிரசித்தமான நிபந்தனை, சனிக்கிழமை ராத்திரி போன ஊரிலேயே தங்கணும். வியாபாரத்துக்குப் போறவன் வெள்ளிக்கிழமை சாயங்காலம் வீட்டுக்கு ஓடப் பார்ப்பான், அவனால் சனிக்கிழமை தங்க முடியாது. அம்மாவைப் பார்க்கப் போறவன் தங்குவான். முகத்தைப் பார்க்காமலேயே ரெண்டு பேரையும் பிரிச்சாச்சு. என்ன மூளை பாருங்க!

அப்புறம் மலிவு விமானங்கள் பெருகின பிறகு சனிக்கிழமை விதியின் பவிசு குறைஞ்சு போச்சு. ஆனா அதே தந்திரம் வேற சட்டை போட்டு இன்னும் இருக்கு. மாத்த முடியாத டிக்கெட் மலிவு, மாத்தக்கூடியது விலை அதிகம். இங்கே ரயிலிலும் இதே கதை. ஷ்பார்பிரைஸ்னு சொல்ற மலிவு டிக்கெட் வாங்கினா குறிப்பிட்ட அந்த ரயிலில்தான் போகணும். ஃப்ளெக்ஸ்பிரைஸ் வாங்கினா அன்னைக்கு எந்த ரயிலிலும் ஏறிக்கலாம், ஆனா விலை எக்கச்சக்கமா ஏறிடும்.

கம்பெனி விதி என்ன சொல்லும்? இருப்பதில் மலிவானதை வாங்கு. வாங்கறாங்க. ஹாம்பர்க்கில் மீட்டிங், நாலு மணிக்கு முடியும்னு சொன்னது ஆறு மணிக்கு முடியும். வாங்கின டிக்கெட் குப்பை. புதுசா ஃப்ளெக்ஸ்பிரைஸ். ஆக மொத்தம் முதல்லயே அதை வாங்கியிருந்தா ஆகியிருக்கிறதைவிட அதிகம். இப்படி ரெட்டை டிக்கெட் என் மேஜைக்கு மாசத்துக்கு நாலஞ்சாவது வரும். சிலர் இன்னும் மோசம். டிக்கெட் வீணாகக் கூடாதேன்னு மீட்டிங்கில் பாதியில் எழுந்து வந்துடுவாங்க. நாப்பது யூரோ டிக்கெட்டைக் காப்பாத்த, எதுக்காகப் போனாங்களோ அதை விட்டுட்டு வர்றது! இதுவும் எங்க ரிப்போர்ட்டில் சிக்கனம்னுதான் பதிவாகும்.

விமான நிலையத்திலும் ஒரு கூத்து உண்டு. பிராங்க்பர்ட் ஹான்னு ஒரு விமான நிலையம். பேரில் பிராங்க்பர்ட் இருக்கு, ஊரில் இருந்து சுமார் 120 கிலோமீட்டர் தள்ளி மலை மேல் இருக்கு. சென்னை விமான நிலையம்னு சொல்லி விழுப்புரத்துக்குக் கிட்டத்தில் இறக்கி விட்ட மாதிரி. டிக்கெட்டில் மிச்சம் பிடிச்சதை பஸ்ஸிலும் நேரத்திலும் கொடுத்தாகணும். ஆனா டிக்கெட் ஒரு கட்டத்தில் வரும், பஸ் வேற கட்டத்தில் வரும், நேரம் எந்தக் கட்டத்திலும் வராது.

மலிவும் நல்லதும் சேர்ந்தே வர்ற அபூர்வமும் உண்டு, நேர்மையா அதையும் சொல்லிடறேன். ஹானோவரில் 1947-லிருந்து பெரிய தொழில் கண்காட்சி நடக்குது. அந்த வாரம் ஹோட்டல் விலையெல்லாம் கண்ணை மூடிட்டு ஏறும், எங்க விதியில் இருக்கிற ராத்தங்கல் உச்சவரம்புக்கு நகரத்துக்குள் ஒரு அலமாரி கூடக் கிடைக்காது. அங்கே ரொம்ப நாள் வழக்கம் ஒண்ணு, ஊர்க்காரங்க தங்கள் வீட்டில் ஒரு அறையைக் கண்காட்சி ஆட்களுக்கு வாடகைக்கு விடறது. எங்க விற்பனைப் பிரிவு ஆள் ஒருத்தர் பல வருஷமா ஒரே பாட்டி வீட்டில்தான் தங்கறார். ஹோட்டலைவிட மலிவு, சுத்தமான படுக்கை, காலையில் முட்டை, சீஸ், நாலு வகை ஜாம். ஆமா, ஜாம். பாட்டி பில்லில் ஒழுங்கா எழுதிக் கொடுத்துடறாங்க. வெட்டு 5.60!

*

டிக்கெட் மலிவா வாங்குன்னு கம்பெனி ஒரு பக்கம் இழுத்தா, இன்னொரு பக்கம் ஏர்லைன்காரன் பயணியின் காதில் ரகசியமா ஒண்ணு சொல்றான். மைல்ஸ். 1981-ல் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் இதை ஆரம்பிச்சதும் மத்தவங்களும் பின்னாடியே வந்தாங்க. யோசிச்சா கொஞ்சம் விவகாரமான சமாச்சாரம். டிக்கெட்டுக்குக் காசு கொடுக்கிறது முதலாளி, பரிசு வாங்கறது ஊழியர். நம்ம ஊரில் ஆபீஸுக்குச் சாமான் வாங்கப் போற ஆளுக்குக் கடைக்காரர் தனியா ஏதாவது கவர் கொடுத்தா அதுக்கு வேற பேர் வெச்சிருக்கோம்.

ஜெர்மனியில் இது கோர்ட்டு வரைக்கும் போச்சு. கம்பெனி காசில் சேர்ந்த மைல்ஸ் கம்பெனிக்கே சொந்தம், அடுத்த கம்பெனிப் பயணத்துக்கு அதைப் பயன்படுத்தச் சொல்லிக் கேட்க முதலாளிக்கு உரிமை உண்டுன்னு 2006 ஏப்ரலில் கூட்டாட்சித் தொழிலாளர் நீதிமன்றம் சொல்லிடுச்சு. முதலாளி சரின்னு விட்டுக்கொடுத்தா, சொந்தமா அனுபவிக்கிறதில் வருஷத்துக்கு 1080 யூரோ வரைக்கும் வரி கிடையாது. அமெரிக்காவில் நேர் எதிர்த் திசை. அரசாங்க ஊழியர்களே மைல்ஸைச் சொந்தமா வெச்சுக்கலாம்னு 2001 டிசம்பரில் சட்டமே போட்டாங்க. அவங்க யோசனையும் புரியுது. அரசு வேலைக்காக சனி ஞாயிறு எல்லாம் விமானத்தில் கழிக்கிறான், இதாவது இருக்கட்டும்னு விட்டிருப்பாங்க.

எனக்கு ரெண்டாவதுதான் சரின்னு படுது. காரணம், அடுத்த விஷயம்.

*

எங்க கம்பெனியில் ஒரு ஃபிட்டர் இருக்கார். வயசு ஐம்பத்தஞ்சுக்கு மேல். நான் மனசுக்குள் பெரியவர்னு கூப்பிடுவேன். மெஷினை அனுப்பினா போதாது, போய்ப் பூட்டி, கரண்ட் கொடுத்து, ஓட்டிக் காட்டிட்டு வரணும். அது இவர் வேலை. வருஷத்தில் பாதி நாள் வெளியில். போலந்து, துருக்கி, அப்புறம் நம்ம ஒரகடம் பக்கத்தில் ஒரு தொழிற்சாலை. தமிழ்நாட்டுக்கு என்னைவிட அதிகமா போயிட்டு வர்ற ஜெர்மன்காரர். ஃபில்டர் காபிக்கு அடிமை. "உங்க ஊரில் ரோட்டில் எருமை நடுவில் நிக்குது, ஆனா காபி மட்டும் ஆண்டவன் போட்டது" என்பார்.

பிராங்க்பர்ட்டில் இருந்து சென்னைக்கு நேரடி விமானம் இருக்கு, பத்து மணி நேரத்துக்குள்ள. வளைகுடா வழியா மாறிப் போனா காத்திருக்கிறதையும் சேர்த்து பதினாறு மணி நேரம். அன்னைக்கு வித்தியாசம் 210 யூரோ. கொள்முதல் பிரிவு வளைகுடா டிக்கெட்டைப் போட்டுட்டாங்க. பெரியவர் போனார், விடிகாலையில் இறங்கினார், அங்கே இருந்து நேரா தொழிற்சாலை. திரும்பி வந்து ரசீதையெல்லாம் என் மேஜையில் வெச்சுட்டு, நான் ஒண்ணும் கேட்காமலே சொன்னார்:

"தம்பி, நான் ஆபீஸில் உக்காந்து மெயில் அனுப்புற ஆள் இல்லை. 400 வோல்ட் பேனலுக்குள் கையை விடற ஆள். ரெண்டு ராத்திரி தூங்காத கை அது. இதை உன் ஃபாரத்தில் எந்த இடத்தில் எழுதணும்னு காட்டு, எழுதிக் கொடுக்கிறேன்."

தம்பின்னு ஜெர்மன் பாஷையில் சொல்லலைதான், ஆனா சொன்ன தொனி அதுதான். ஃபாரத்தை நான் மேலிருந்து கீழ் வரைக்கும் பார்த்தேன். டாக்ஸி, பார்க்கிங், விசா, சலவைக்குக்கூட இடம் இருக்கு. தூக்கத்துக்கு இல்லை.

அந்த மாசம்தான் டேமேஜர் என்னைக் கூப்பிட்டு, கொள்முதல் பிரிவு கேட்கிறாங்க, போன வருஷத்துத் தூரப் பயணங்களில் எவ்வளவு மிச்சம் பண்ணோம்னு ஒரு அட்டவணை போடுன்னார். கேட்டதைப் போட்டேன். நேரடி விலை, சுத்துவழி விலை, மிச்சம். எல்லாம் அழகா பச்சைக் கலரில் இருந்தது. அதுக்குப் பக்கத்தில் கேட்காத ஒரு பத்தியையும் சேர்த்தேன். கூடுதலா ஆன மணி நேரம். அதுக்குப் பக்கத்தில் அந்த நேரத்துக்குக் கம்பெனி கொடுத்த சம்பளம்.

சும்மா சேர்க்கலை. 2018 அக்டோபரில் இதே தொழிலாளர் நீதிமன்றத்தில் ஒரு தீர்ப்பு வந்திருக்கு. ஒரு கட்டுமானக் கம்பெனி தன் ஆளை 2015-ல் சீனாவுக்கு வேலைக்கு அனுப்பினது. அவர் நேரடி எகானமி டிக்கெட் வேண்டாம், துபாய் வழியா பிசினஸ் கிளாஸில் போறேன்னு கேட்டார், கம்பெனியும் போட்டுக் கொடுத்தது. போக வர நாலு நாள். நாளுக்கு 8 மணி நேரச் சம்பளம் கொடுத்தாங்க. அவர் இல்லை, வீட்டில் கிளம்பினதில் இருந்து போய்ச் சேர்ந்த வரைக்கும் எல்லாமே வேலைதான், இன்னும் 37 மணி நேரத்துக்குச் சம்பளம் பாக்கின்னு வழக்குப் போட்டார். கோர்ட்டு ரெண்டு பக்கமும் தலையாட்டினது. வெளிநாட்டுக்கு முதலாளி அனுப்பினா போக வர ஆகிற நேரமும் சம்பளத்துக்குரிய வேலை நேரம்தான். ஆனா தேவையான நேரத்துக்கு மட்டும்தான், அதாவது பொதுவா எகானமி கிளாஸில் போனா எவ்வளவு ஆகுமோ அவ்வளவு. நீங்களா ஆசைப்பட்டு துபாய் சுத்தினா அந்த நேரம் உங்க கணக்கு.

நான் இதைத் திருப்பிப் படிச்சேன். ஆளா ஆசைப்பட்டுச் சுத்தினா ஆள் கணக்குன்னா, கம்பெனியா ஆசைப்பட்டுச் சுத்த வெச்சா கம்பெனி கணக்குதானே? பெரியவர் பயணத்தில் ஒரு பக்கத்துக்கு ஆறு மணி நேரம், போக வர பன்னிரண்டு. ஃபிட்டர் சம்பளம், அது மேல் கம்பெனி கட்டுற காப்பீட்டுப் பங்கு எல்லாம் சேர்த்தா 210 யூரோ எப்பவோ காலி. பச்சைக் கலர் எல்லாம் சிவப்பாச்சு.

டேமேஜர் கண்ணாடியைக் கழட்டித் துடைச்சுட்டு ரெண்டு தடவை பார்த்தார். அப்புறம் சொன்னதுதான் எனக்கு இந்த வேலையிலேயே கிடைச்ச பெரிய பாடம். "நீ போட்டது சரி. ஆனா டிக்கெட் கொள்முதல் பிரிவோட பட்ஜெட், சம்பளம் சர்வீஸ் பிரிவோட பட்ஜெட்." அவ்வளவுதான் விஷயம்! கொள்முதல் ஆளுக்கு வருஷக் கடைசியில் டிக்கெட் செலவு எவ்வளவு குறைஞ்சதுன்னுதான் மார்க். அவர் திருடரும் இல்லை, கெட்டவரும் இல்லை. அவருக்குக் கொடுத்த ஜன்னலில் இருந்து டிக்கெட் மட்டும்தான் தெரியுது. இந்தப் பைசாவை அவர் மிச்சம் பண்ணலை, பக்கத்து ரூம் மேஜைக்குத் தள்ளி விட்டிருக்கார். அங்கேயும் இடம் இல்லாத மிச்சத்தைப் பெரியவர் முதுகில் ஏத்தியாச்சு.

முதுகுன்னதும் இன்னொண்ணு. நாலு மணி நேரத்துக்கு மேல் ஒரே இடத்தில் உக்காந்து பயணம் பண்ணினா காலில் ரத்தம் உறையற அபாயம் ஏறக்குறைய ரெண்டு மடங்காகுதுன்னு 2007-ல் உலக சுகாதார நிறுவனம் ஆய்வு வெளியிட்டது. பயப்பட வேண்டாம், ரெண்டு மடங்கானாலும் சுமார் 6000 பேரில் ஒருத்தருக்குத்தான். பஸ், ரயில், கார் எல்லாத்துக்கும் பொருந்தும். பிசினஸ் கிளாஸில் படுத்தாலும் ஆடாம அசையாம கிடந்தா இதே கதைதான். அதனால் எல்லாருக்கும் பிசினஸ் கிளாஸ் கொடுன்னு நான் கொடி பிடிக்கலை. நான் கேட்கிறது சின்ன விஷயம். இந்த நாட்டு அரசு ஊழியர்களோட பயணப்படிச் சட்டத்தில் ஒரு வரி இருக்கு, ரயில் பயணம் ரெண்டு மணி நேரமாவது இருந்தா அடுத்த உயர் வகுப்புக் கட்டணத்தைக் கொடுக்கலாம்னு. அதில் பதவி பத்தி ஒரு வார்த்தை கிடையாது, நேரத்தை மட்டும்தான் பார்க்கிறாங்க. அது எனக்குப் பிடிச்சிருக்கு. பெரும்பாலான கம்பெனிகளில் மேலாளருக்கு மேல் இருந்தா இந்த வகுப்பு, கீழே இருந்தா அந்த வகுப்புன்னுதானே எழுதி வெச்சிருக்காங்க. ஒரு மணி நேரம் பறக்கிற இயக்குநருக்கு அகல சீட்டு, பதினாறு மணி நேரம் போய் இறங்கி பேனலைத் திறக்கிறவருக்கு நடு சீட்டு.

மேலே இருக்கிறவங்களே எகானமியில் போய் வழி காட்டலாமே என்பீங்க. காட்டியிருக்காங்க. ஐக்கியா ஆரம்பிச்ச இங்வார் காம்ப்ராட் கோடீஸ்வரரா இருந்தும் எகானமியில் போனவர், 2018-ல் அவர் இறந்தப்போ எல்லாரும் முதலில் எழுதினது அதைத்தான். நம்ம ஊரில் 2009 செப்டம்பரில் மத்திய அமைச்சர்கள் சிக்கனமா எகானமியில் போகணும்னு சொன்னப்போ, சசி தரூர் ட்விட்டரில் அதை மாட்டு வகுப்புன்னு எழுதி ஊரே ரெண்டுபட்டது ஞாபகம் இருக்கா? அப்போ எல்லாரும் அவரைத் திட்டினோம். இப்போ யோசிச்சா, தினமும் அந்த வகுப்பில்தான் போறவங்க யாரையும் யாரும் இதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை. ஒரு அமைச்சர் ஒரு நாள் பின் சீட்டில் உக்காந்தா படம் நல்லா வரும். இறங்கினதும் கார் நிக்கும், அன்னைக்கு மதியம் அவர் பேனலுக்குள் கையை விடப் போறதில்லை.

2020-க்கு அப்புறம் பாதி மீட்டிங் வீடியோவுக்குப் போயாச்சு. நல்லதுதான். ஆனா அதுக்குப் பிறகும் மிஞ்சி இருக்கிற பயணம் எல்லாம் யாரோடது? வீடியோவில் போல்ட் முடுக்க முடியாதவங்களோடது. குறைக்கக்கூடியதெல்லாம் குறைச்சாச்சு, இன்னும் குறைக்கணும்னா இவங்ககிட்டத்தான் கை வைக்கணும், வைக்கிறாங்க.

அட்டவணை என்ன ஆச்சுன்னு கேட்பீங்க. டேமேஜர் அதை எடுத்துட்டு மேலே போனார். டீ பேகை ரெண்டு தடவை முக்குற மனுஷன், எண்ணைக் கையில் கொடுத்தா சண்டை போடத் தெரிஞ்சவர். தொழிலாளர் குழுவும் கூட நின்னாங்க. ரெண்டு விஷயம் கேட்டிருந்தோம். நேரடி விமானம் இருந்து, வித்தியாசம் 300 யூரோவுக்குள் இருந்தா நேரடியிலேயே போகலாம். இது கிடைச்சுது. ராத்திரிப் பயணம் பண்ணி இறங்கின நாள் மெஷினைத் தொடக் கூடாது, ஹோட்டலில் தூங்கணும். இது இன்னும் "பரிசீலனையில்". ஒரு ராத்திரி ஹோட்டல், ஒரு முழு நாள் பேட்டா, ஒரு நாள் சம்பளம், மூணும் மூணு பட்ஜெட்டில் இருந்து வரணுமாம்.

பெரியவர் போன வாரம் மறுபடி ஒரகடம் கிளம்பினார், நேரடி விமானம். வரும்போது காபித்தூள் வாங்கிட்டு வரச் சொல்லி டிகாஷன் ஃபில்டர் படம் அனுப்பியிருக்கேன். காசைக் கையிலேயே கொடுத்துட்டேன், இல்லைன்னா அந்த ரசீதும் என் மேஜைக்குத்தான் வரும்.

பி.கு. 1: ஐரோப்பாவுக்குள் வேலைப் பயணமா வர்ற அண்ணன்மார், அக்காமார் கவனத்துக்கு. இங்கிருந்து கிளம்புற விமானம், ஏர்லைன் தவறால் மூணு மணி நேரமோ அதுக்கு மேலோ தாமதமா போய்ச் சேர்ந்தா, தூரத்தைப் பொறுத்து 250, 400 இல்லை 600 யூரோ நஷ்டஈடு உண்டு. 2004-ல் வந்த 261-ஆம் எண் ஒழுங்குமுறை. டிக்கெட்டுக்குக் காசு கொடுத்தது கம்பெனியா இருந்தாலும் இந்த உரிமை உக்காந்து காத்திருந்த பயணியோடது. நிறையப் பேர் கேட்கிறதே இல்லை.

பி.கு. 2: ஷ்பார்பிரைஸ் வெச்சிருக்கும்போது, போய்ச் சேர 20 நிமிஷத்துக்கு மேல் தாமதமாகும்னு தெரிஞ்சா அந்த ரயிலோடு கட்டிப்போட்டது அவிழ்ந்துடும், வேற ரயிலில் ஏறிக்கலாம். ஜெர்மன் ரயில்கள் இந்த வசதியைத் தாராளமா வழங்குறாங்க :-)

பி.கு. 3: ஆன்சைட்டில் இருக்கிறவங்க, உங்க ஆபீஸில் பேட்டாவா, ரசீதா? ராத்திரி இறங்கி காலையில் வேலைக்குப் போகச் சொல்றாங்களா, ஒரு நாள் விடறாங்களா? இந்த ரெண்டாவதுக்கு எந்தக் கம்பெனியிலாவது விதி எழுதி வெச்சிருந்தா அந்த வாசகம் எனக்கு வேணும். டேமேஜர் கேட்டுட்டே இருக்கார்.